பதினெட்டு வருடம் நிரம்பாத தொட்டி

"பதினெட்டு வருஷம் ஆச்சு தம்பி. ஒரு தடவைகூட லாரியக் கூப்பிட்டதில்ல" என்றார் வீட்டுக்காரர்.

மேற்குத் தாம்பரத்தைத் தாண்டி, அரை கிரவுண்டில் கட்டிய தனி வீடு. என் தங்கையும் மாப்பிள்ளையும் மூன்று மாதமாக அலைந்து திரிந்து, கடைசியில் மனசுக்குப் பிடித்துப்போனது இதுதான். கிழக்குப் பார்த்த வாசல், பின்னால் ஒரு முருங்கை, மொட்டை மாடியில் ஏறினால் நல்ல காற்று. பட்டா, வில்லங்கச் சான்று, தாய்ப் பத்திரம் எல்லாவற்றையும் வக்கீல் பார்த்தாயிற்று. ஒரு மேஸ்திரி வந்து சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார். செப்டிக் டேங்க் எப்படி என்று கேட்டவன் நான் ஒருவன்தான். அதையும் கிளம்பும் நேரத்தில் செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டேன்.

பதிலைக் கேட்டதும் தங்கையின் முகம் மலர்ந்தது. ஒரு செலவு மிச்சம் என்று நினைத்திருப்பாள். எனக்குச் சுருக்கென்றது.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். நகரத்தில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் தண்ணீர் என்பது நம் நாட்டுப் பொறியாளர்கள் திட்டமிடும்போது எடுத்துக்கொள்ளும் அளவு. அதில் ஏறக்குறைய எண்பது சதவீதம் கழிவுநீராக வெளியேறும். ஐந்து பேர் இருக்கும் வீட்டில் நாளொன்றுக்கு 540 லிட்டர். அந்த வீட்டில் கழிவறை, குளியலறை, அடுக்களை மூன்றின் குழாயும் ஒரே இடத்தில்தான் போய் விழுகின்றன. 18 வருடத்துக்குப் பெருக்கினால் 35 லட்சம் லிட்டரைத் தாண்டும். 12,000 லிட்டர் தண்ணீர் லாரி ஏறக்குறைய முந்நூறு! முந்நூறு லாரித் தண்ணீர் அந்தக் குழிக்குள் இறங்கியிருக்கிறது. குழி நிரம்பவில்லை. அப்படியானால் அத்தனையும் எங்கே போனது?

வீட்டுக்காரர் பொய் சொல்லவில்லை. அவர் நல்ல மனிதர், ஓய்வு பெற்றவர், அந்த வீட்டைப் பார்த்துப் பார்த்துக் கட்டியவர். லாரி கூப்பிடாதது டேங்க்கின் தரத்துக்குச் சாட்சி என்று உண்மையாகவே நம்பினார். நம் ஊரில் பத்துப் பேரைக் கேட்டால் எட்டுப் பேர் அதைத்தான் சொல்வார்கள்.

இந்த நம்பிக்கையை முழுக்கத் தள்ளிவிடவும் முடியாது. செப்டிக் டேங்க் பிறந்த கதையே இப்படி ஒரு நிரம்பாத தொட்டியில்தான் தொடங்குகிறது. 1860 வாக்கில் பிரான்சில் ழான்-லூயி மூரா என்பவர் வீட்டுக் கழிவு போய்ச் சேர ஒரு மூடிய தொட்டி கட்டினார். பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்துத் திறந்து பார்த்தபோது, வாரிக் கொட்ட வேண்டியிருக்கும் என்று நினைத்த அளவுக்கு உள்ளே கசடு இல்லை. இதென்ன விந்தை என்று ஆராய்ந்து, 1881-இல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். 1890களின் நடுவில் இங்கிலாந்தின் எக்ஸிடர் நகரத்தில் டொனால்டு கேமரன் இதே முறையில் பெரிதாக ஒன்று கட்டி, 'செப்டிக் டேங்க்' என்று பெயர் வைத்தார். அழுகலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர். அழுகுவதுதான் அங்கே நடக்கும் வேலை.

காற்று புகாத அந்த இருட்டில் கழிவு மூன்று அடுக்காகப் பிரிகிறது. கனமானது கீழே கசடாகப் படியும். எண்ணெய், கொழுப்பு, சோப்பு நுரை எல்லாம் பால்மேல் ஏடு படிவதுபோல மேலே திரளும். நடுவில் கலங்கிய நீர் நிற்கும். ஆக்சிஜன் இல்லாமல் வாழும் நுண்ணுயிர்கள் கீழே படிந்த கசட்டை உடைத்துக் கரைக்கும். ஒரு கூட்டம் அதை அமிலமாக்கும், அடுத்த கூட்டம் அந்த அமிலத்தைத் தின்று மீத்தேன் வாயுவை விடும். மூராவின் தொட்டியில் கசடு குறைந்திருந்ததற்கு இதுதான் காரணம். கழிவறையைக் கழுவுகிறேன் என்று வாரம் ஒருமுறை ஆசிட்டைக் குடம் குடமாகக் கொட்டுகிறவர்கள் இந்தக் கூட்டத்தைத்தான் கொல்கிறார்கள்.

ஆனால் நுண்ணுயிர் எவ்வளவு தின்றாலும் கரையாத மிச்சம் உண்டு. ஆளுக்கு வருடத்துக்கு 40 லிட்டர் கசடு சேரும் என்று வைத்துக்கொண்டாலும், ஐந்து பேர் வீட்டில் மூன்று வருடத்தில் 600 லிட்டர். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 2470 விதிநூலைப் பின்பற்றி ஐந்து பேருக்குக் கட்டும் சிறிய தொட்டி ஒன்றரை மீட்டர் நீளம், முக்கால் மீட்டர் அகலம், ஒரு மீட்டர் நீராழம். கொள்ளளவு ஆயிரத்துச் சொச்சம் லிட்டர்தான். மூன்றாம் வருடம் அதில் பாதிக்கு மேல் கசடு நின்றுவிடும். கழிவுநீர் உள்ளே ஒரு நாளாவது, முடிந்தால் இரண்டு நாள், அசையாமல் நின்றால்தான் படிய வேண்டியது படியும். இடம் குறைந்துவிட்டால் வந்த வேகத்திலேயே கழிவும் சேர்ந்து வெளியே ஓடும். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை கசடு எடுக்கச் சொல்வது இதனால்தான்.

தண்ணீர் விஷயம் இன்னும் எளிது. தொட்டிக்குள் 540 லிட்டர் போனால் மறுபக்கம் 540 லிட்டர் வெளியே வர வேண்டும், அன்றன்றைக்கே. நுண்ணுயிர் தண்ணீரைக் குடித்துத் தீர்ப்பதில்லை. ஆகவே வீடு வாங்கப் போகிறவர் டேங்க் எவ்வளவு பெரிசு என்று கேட்பதற்கு முன்னால் டேங்க்கிலிருந்து வரும் தண்ணீர் எங்கே போகிறது என்று கேட்க வேண்டும்.

நான் கேட்டேன். "அதான் மண்ணு உறிஞ்சிக்குதே தம்பி" என்றார்.

சரி, திறந்து பார்த்துவிடலாம் என்று முடிவாயிற்று. செலவு எங்களுடையது, லாரிக்கும் நாங்களே சொல்லிவிட்டோம். ஆனால் மூடி எங்கே? வீட்டுக்காரருக்கே சரியாகத் தெரியவில்லை. கார் நிறுத்தும் இடத்தில் ஏழெட்டு வருடத்துக்கு முன்னால் டைல்ஸ் ஒட்டியபோது மூடியும் சேர்ந்து உள்ளே போய்விட்டது. லாரியோடு வந்த பெரியவர் கடப்பாரையின் தலையால் தரையைத் தட்டிக்கொண்டே நடந்தார். ஓர் இடத்தில் சத்தம் மாறியது. "இங்கதான் சார், வெத்தா இருக்கு" என்றார். நான்கு டைல்ஸைப் பெயர்த்ததும் சிலாப் தெரிந்தது.

சிலாப்பை நகர்த்தியதும் எல்லோரையும் பின்னால் போகச் சொன்னேன். உள்ளே குனிந்து பார்க்கவும் கூடாது, பீடி, தீப்பெட்டி எதுவும் பக்கத்தில் வரவும் கூடாது. கிணற்றில் இறங்குமுன் விளக்கை இறக்கிப் பார்க்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. அதை இங்கே செய்தால் மீத்தேன் பற்றிக்கொள்ளும். அரை மணி நேரம் திறந்தபடி விட்டோம்.

பிறகு தள்ளி நின்றபடியே ஒரு நீளமான சவுக்குக் கம்பை இறக்கினோம். கம்பின் கீழ்ப்பாதியில் பழைய வெள்ளைத் துண்டு ஒன்றை இறுகச் சுற்றிக் கட்டியிருந்தேன். அடி தட்டியதும் இரண்டு மூன்று நிமிடம் அசைக்காமல் வைத்திருந்து மெல்ல வெளியே எடுக்க வேண்டும். துண்டில் கசடு இருந்த உயரம்வரை கரேலென்று திட்டுத் திட்டாக ஒட்டியிருக்கும், அதற்கு மேல் வெறும் ஈரக்கறை தெரியும். கசடும் ஏடும் சேர்ந்து மொத்த ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கை எட்டினால் லாரியைக் கூப்பிட வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று பொருள். இதைவிட மலிவான ஒரு கருவி எனக்குத் தெரியாது.

அன்றைக்கு அந்தக் கம்பு எனக்கு வேறொன்றைக் காட்டியது. சிமெண்ட் தளத்தில் கம்பு முட்டினால் கைக்கு ஒரு 'டொக்' தெரியும். இங்கே அது தெரியவில்லை. அழுத்தினால் இன்னும் அரை அடி இறங்கியது. வெளியே எடுத்தபோது நுனியில் கசட்டோடு களிமண் ஒட்டியிருந்தது. பெரியவர் அதைப் பார்த்துவிட்டு, "சார், இது டேங்க்கே இல்ல. ஏழு உறைய இறக்கி மேல சிலாப்பு போட்டிருக்காங்க" என்றார். கிணற்றுக்கு இறக்கும் அதே சிமெண்ட் உறைகள். தளம் கிடையாது. உறைகளுக்கு நடுவே பூச்சும் கிடையாது. முந்நூறு லாரித் தண்ணீர் போன வழி அதுதான்.

தண்ணீர் மட்டமும் அதையேதான் சொன்னது. ஒழுங்காகக் கட்டிய செப்டிக் டேங்க்கில் நீர்மட்டம் எப்போதும் வெளியேறும் குழாயின் அடிமட்டத்தில் நிற்கும், கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. அதற்குக் கீழே இறங்கியிருந்தால் தொட்டி ஒழுகுகிறது. மேலே ஏறியிருந்தால் வெளியே போகும் பாதை அடைத்திருக்கிறது. இந்தக் குழியில் வெளியேறும் குழாயே இல்லை. நீர் உள்வரும் குழாய்க்கு மூன்றடி கீழே நின்றது. நாங்கள் போனது மே மாதம்.

"மழைக்காலத்துல எப்படிம்மா?" என்று வீட்டம்மாவிடம் கேட்டேன். "ஐப்பசி கார்த்திகைல மட்டும் கக்கூஸ்ல தண்ணி கொஞ்சம் மெதுவா இறங்கும். குபுகுபுன்னு சத்தம் வரும். மழை விட்டா சரியாயிடும்" என்றார். யாரும் கேட்காததால் அதுவரை அவர் சொல்லவில்லை. மழையில் நிலத்தடி நீர் ஏறும்போது குழியின் நீர் இறங்க இடமில்லாமல் நிற்கிறது. அப்போது குழியும் நிலத்தடி நீரும் ஒன்றோடொன்று கலந்து ஒரே நீராகிவிடுகின்றன. தை பிறந்தால் பத்திரம் பதியலாம் என்று காத்திருப்பவர்கள், வீட்டைப் போய்ப் பார்ப்பதையாவது கார்த்திகை மழையில் வைத்துக்கொள்ள வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர் பக்கம் வீடுகளுக்குள் ஏறிய தண்ணீரில் எத்தனை மலக்குழிகள் கலந்திருந்தன என்பதை அந்தத் தெருக்காரர்கள் மறக்கவே மாட்டார்கள்.

லாரி உறிஞ்சத் தொடங்கியது. கலங்கல் நீர் போய்விட்டது, அடியில் கட்டிதட்டிய கசடு மட்டும் வர மறுத்தது. லாரிக் குழாய் கழிவை இழுப்பதுபோல நமக்குத் தோன்றும். உண்மையில் பம்ப் லாரித் தொட்டிக்குள் காற்றைக் குறைக்கிறது, வெளியே இருக்கும் வளிமண்டலம் கழிவை மேலே தள்ளுகிறது. அந்தத் தள்ளுதலுக்கு ஓர் எல்லை உண்டு. சேறாக இறுகியதை அது அசைக்காது. பெரியவரோடு வந்திருந்த பையனுக்கு இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதிருக்கும். சட்டையைக் கழற்றிக்கொண்டே, "தண்ணிதான் போயிடுச்சே சார். இறங்கி அஞ்சு நிமிஷத்துல வாரிட்டு வந்துடுறேன். மேல கொஞ்சம் போட்டுக் குடுங்க" என்றான்.

அந்தக் கணத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு பதறுகிறது. அவன் குரலில் பயமே இல்லை. அதற்கு முன்னால் எத்தனை வீட்டில் இறங்கியிருப்பான்?

கசட்டின் நடுவே ஹைட்ரஜன் சல்ஃபைடு சிறைப்பட்டிருக்கிறது. மண்வெட்டி பட்டுக் கலங்கியதும் அது மொத்தமாகக் கிளம்பும். காற்றைவிடக் கனமானது, குழிக்குள்ளேயே தங்கும். பத்து லட்சம் பங்கு காற்றில் ஒரு பங்குக்கும் குறைவாக இருக்கும்போதே அழுகிய முட்டை நாற்றமாக மூக்கு அதைக் கண்டுபிடித்துவிடும். நூறு பங்கை எட்டினால் மூக்கு மரத்துவிடுகிறது. நாற்றம் போய்விட்டது, இனி பயமில்லை என்று உள்ளே இருப்பவர் நினைக்கும் அந்த நேரம்தான் ஆபத்து மிகுந்தது. ஐந்நூறைத் தாண்டினால் சில நிமிடத்தில் நினைவு தப்பும், ஆயிரத்தை நெருங்கினால் ஒன்றிரண்டு மூச்சே போதும். செல்லுக்குள் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் நொதியையே அது முடக்கிவிடுவதால், நுரையீரலில் காற்று இருந்தும் உடம்பு மூச்சுத் திணறிச் சாகிறது. விழுந்தவரைத் தூக்க இன்னொருவர் இறங்குவார், அவரைத் தூக்க மூன்றாமவர். செய்தித்தாளில் ஒரே குழியில் மூன்று பேர் என்று வருவது இப்படித்தான்.

பாதுகாப்புக் கருவிகளும் ஏற்பாடுகளும் இல்லாமல் மனிதரைச் செப்டிக் டேங்க்கில் இறக்குவதை, கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. இறக்கியவர் வீட்டுக்காரராக இருந்தாலும் குற்றம்தான். முதல் முறைக்கே இரண்டு ஆண்டுவரை சிறை அல்லது இரண்டு லட்சம் ரூபாய்வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் விதிக்கலாம். 2014 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் இப்படி இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் இழப்பீடு தர ஆணையிட்டது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. உயர்த்த வேண்டி வந்தது என்பதே சாவுகள் நிற்கவில்லை என்பதற்குச் சாட்சி. இந்தக் குழிகளில் செத்தவர்களில் பெரும்பாலோர் அருந்ததியர் உள்ளிட்ட பட்டியல் சாதி மக்கள். நாம் கட்டும் தொட்டியின் மூடி எவ்வளவு அகலம், அது எங்கே இருக்கிறது, லாரிக் குழாய் அதை எட்டுமா என்பதெல்லாம் வெறும் வசதிக் கணக்கு என்று இனி என்னால் எண்ண முடியாது. எட்டாத தொட்டியை ஒருவன் கையால்தான் வார வேண்டியிருக்கும்.

பையனைச் சட்டையைப் போட்டுக்கொள்ளச் சொன்னேன். லாரித் தண்ணீரையே திரும்பக் குழிக்குள் வேகமாகப் பாய்ச்சிக் கசட்டைக் கலக்கி, கரைந்தவரை உறிஞ்சினார்கள். கூடுதலாக முக்கால் மணி நேரம் ஆயிற்று, அதற்கான கூலியை மாப்பிள்ளை கொடுத்தார். இறுகிய கசட்டை உள்ளேயே சுழலும் அலகால் கலக்கிக் குழம்பாக்க, சென்னை ஐஐடியில் 'ஹோமோசெப்' என்ற இயந்திரத்தையே உருவாக்கியிருக்கிறார்கள். ஆள் இறங்க வேண்டிய தேவையை நீக்குவதுதான் அதன் நோக்கம். இப்படி ஒன்று ஊருக்கு ஊர் இருக்க வேண்டும் என்பது என் ஆசை.

லாரி எங்கே கொண்டுபோய்க் கொட்டும் என்றும் பெரியவரிடம் கேட்டுவைத்தேன். செங்கல்பட்டு மாவட்டம் கருங்குழியில் இந்தக் கசட்டுக்கென்றே 2017-இல் ஒரு சுத்திகரிப்பு நிலையம் வந்தது. அதற்குப் பிறகு பல ஊர்களில் வந்திருக்கிறது. அங்கே போகாத லாரி ஏரிக்கரையில் இருட்டில் கொட்டும். வீட்டுக்காரர்கள் கேட்கத் தொடங்கினால்தான் இது மாறும்.

இனி மண்ணுக்கு வருவோம். "மண்ணு உறிஞ்சிக்குதே" என்று அவர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. செப்டிக் டேங்க் கழிவைப் பாதிதான் சுத்தம் செய்கிறது. வெளியே வரும் நீரில் நோய்க்கிருமிகள் உயிரோடு இருக்கும். மீதி வேலை மண்ணுடையது. ஒழுங்கான அமைப்பில் டேங்க்கிலிருந்து நீர் ஓர் உறிஞ்சு குழிக்குப் போகும். அங்கே மண்ணும் நீரும் சந்திக்கும் இடத்தில் சில மாதத்திலேயே கருப்பாக, வழவழப்பாக ஓர் உயிர்ப்படலம் உண்டாகும். நீர் அதன் வழியே சொட்டுச் சொட்டாகத்தான் இறங்க முடியும். அந்தத் தாமதத்தில்தான் நன்மை இருக்கிறது. படலத்துக்குக் கீழே மண்துகள்களுக்கு நடுவே காற்று இருக்கும். அங்கே கிருமிகள் வடிகட்டப்படும், களிமண்ணில் ஒட்டிக்கொள்ளும், வேறு நுண்ணுயிர்களுக்கு இரையாகும், உணவின்றிச் சாகும். காற்றோட்டமுள்ள நல்ல மண்ணில் மூன்று நான்கடி ஆழத்துக்குள்ளேயே பெரும்பாலான பாக்டீரியா நின்றுவிடும்.

குழியின் அடிக்கும் நிலத்தடி நீருக்கும் நடுவே அந்த மூன்று நான்கடி உலர்ந்த மண் இருக்க வேண்டும், அதுதான் நிபந்தனை. ஏழடி ஆழத்துக்கு உறை இறக்கிய அந்த வீட்டில் மழைக்காலத்தில் நான்கு அங்குலம்கூட இருந்திருக்காது.

சென்னையில் இதை இடத்துக்கு இடம் தனியாகப் பார்க்க வேண்டும். கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரம் மணல். தண்ணீரை நொடியில் குடித்துவிடும், ஆனால் வடிகட்ட நேரம் தராது. பள்ளிக்கரணையைச் சுற்றிக் களிமண். வடிகட்டும், ஆனால் குடிக்காது. பல்லாவரம், தாம்பரம் பக்கம் மேல்மண்ணுக்குக் கீழே சார்னோகைட் பாறை. பாறை வடிகட்டுவதில்லை. அதன் வெடிப்புக்குள் புகுந்த கழிவுநீர் குழாயில் ஓடுவதுபோல ஓடும். உங்கள் ஆழ்துளைக் கிணறு (போர்) தண்ணீர் எடுப்பதும் அதே வெடிப்பிலிருந்துதான்.

உறிஞ்சு குழிக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் நடுவே குறைந்தது 18 மீட்டர் இருக்க வேண்டும் என்கிறது ஐ.எஸ். 2470. அடியில் சொன்னால் 59. அரை கிரவுண்டு என்றால் பெரும்பாலும் முப்பதுக்கு நாற்பது அடி. பள்ளிக்கூடத்து பைதாகரஸை நினைத்துக்கொண்டு மூலைவிட்டத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள், சரியாக 50 அடி. ஒரு மூலையில் குழியும் எதிர்மூலையில் போரும் போட்டாலும் 59 வராது! அரை கிரவுண்டு வீட்டில் இந்த விதியைக் கடைப்பிடிக்கவே வழியில்லை. இதோடு பக்கத்து வீட்டுக் குழி உங்கள் சுற்றுச்சுவரை ஒட்டியே இருக்கும். எனவே நீங்கள் வீடு பார்க்கும்போது இரண்டு பக்கத்து வீடுகளின் குழியும் எங்கே இருக்கிறது என்று கேட்க வேண்டும். நாங்கள் கேட்டோம். போரிலிருந்து சொந்தக் குழி 22 அடி, வடக்கு வீட்டுக் குழி 14 அடி.

தங்கை அப்போதுதான் பேசினாள். "அண்ணா, அப்ப இந்தத் தண்ணியிலதான் இவங்க இத்தனை வருஷம் சமைச்சாங்களா?"

தண்ணீரைச் சோதனைக்கு அனுப்பினோம். வீடு வாங்குவதற்குச் செய்யும் செலவுகளில் மிகச் சிறியது இது. குடிக்கும் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போகக் கூடாது. ஆய்வகத்திலேயே கிருமி நீக்கிய புட்டி தருவார்கள். மோட்டாரைச் சிறிது நேரம் ஓடவிட்டு, தொட்டியில் தேங்கியதைப் பிடிக்காமல் போரிலிருந்து நேராகப் பிடித்து, பனிக்கட்டியில் வைத்து ஆறு மணி நேரத்துக்குள் சேர்த்துவிட வேண்டும். இரண்டு விஷயங்களைக் கட்டாயம் பார்க்கச் சொல்ல வேண்டும். ஒன்று ஈ.கோலி. 100 மில்லிலிட்டர் நீரில் அது ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பது இந்தியக் குடிநீர்த் தரம். இன்னொன்று நைட்ரேட், லிட்டருக்கு 45 மில்லிகிராம்தான் எல்லை. கழிவிலுள்ள அம்மோனியாவை மண்ணில் வாழும் பாக்டீரியாக்கள் நைட்ரேட்டாக மாற்றும். களிமண்ணும் நைட்ரேட்டும் இரண்டுமே எதிர்மின்னேற்றம் கொண்டவை என்பதால் மண்ணால் அதைப் பிடித்து நிறுத்த முடியாது. தண்ணீரோடு தண்ணீராகப் போய்விடும். கைக்குழந்தையின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை அது குலைக்கும். காய்ச்சிக் குடித்தால் கிருமி சாகும். நைட்ரேட் சாகாது, நீர் ஆவியாக ஆவியாக அதன் அடர்த்தி கூடவே செய்யும்.

அந்த வீட்டுத் தண்ணீரில் ஈ.கோலி இருந்தது. நைட்ரேட்டும் எல்லையைத் தாண்டியிருந்தது.

குழி நீர் கிணற்றுக்கு வருகிறதா என்று நேரடியாகப் பார்க்கச் சாயம் ஊற்றும் முறை ஒன்று உண்டு. 1877-இல் ஜெர்மனியில் டான்யூப் ஆற்று நீர் மறையும் இடத்தில் 10 கிலோ ஃபுளோரசின் சாயத்தைக் கரைத்துவிட்டார்கள். சுமார் 60 மணி நேரம் கழித்து, 12 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஆஹ் ஊற்று பச்சையாக ஒளிர்ந்தது. வேறொரு படுகையைச் சேர்ந்த அந்த ஊற்றுக்கு டான்யூப் நீர்தான் பூமிக்குள் வழி பிடித்துப் போகிறது என்று அன்றைக்கு நிரூபணமாயிற்று. அதே சாயத்தைச் சிறிது கழிவறையில் கரைத்துவிட்டால் தெரு மழைநீர் வடிகாலில் பச்சை தெரிகிறதா என்று பார்க்கலாம். தொட்டி நிரம்பாததற்கு நம் ஊரில் இன்னொரு காரணம், கழிவுநீரை அந்த வடிகாலுக்குத் திருட்டுத்தனமாகத் திருப்பிவிடும் கள்ளக் குழாய்தான். சாயம் தெரிந்தால் சந்தேகம் தீர்ந்தது. தெரியாவிட்டால் மட்டும் குற்றமில்லை என்று தீர்ப்பு எழுதிவிடக் கூடாது, மண்ணுக்குள் அது மாதக்கணக்கில் பயணம் செய்துகொண்டிருக்கலாம்.

அந்த வீட்டை வாங்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. புறநகரில் எந்த வீட்டைத் திறந்து பார்த்தாலும் இதில் பாதியாவது இருக்கும். சுவர் நேராக நின்றது, பத்திரம் சுத்தம். பாதாளச் சாக்கடை அந்தத் தெருவுக்கு இன்னும் வரவில்லை. புதுத் தொட்டி கட்டும் செலவை மேஸ்திரியிடம் எழுதி வாங்கி, ஆய்வக முடிவோடு சேர்த்து வீட்டுக்காரர் முன்னால் வைத்தோம். அவர் வெகு நேரம் அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எங்க பேத்திக்கு அடிக்கடி வயித்தால போகும் தம்பி. நாங்க ஹோட்டல் சாப்பாடுன்னு நெனச்சோம்" என்றார். பேரமே பேசாமல் விலையைக் குறைத்தார்.

வீடு கைமாறியதும் பழைய குழியைக் காலி செய்து மணல் நிரப்பி மூடினார்கள். புதுத் தொட்டி வாசல் பக்கம், கேட்டிலிருந்து ஐந்தடியில். நடுவே தடுப்புச் சுவர் வைத்த இரண்டு அறை, ஏடும் கசடும் வெளியே போகாதபடி உள்வரும் வாயிலும் வெளியேறும் வாயிலும் டீ பைப், கசடு எடுக்க அறைக்கு ஒரு மூடி, கூரைக்கு மேல் உயர்ந்த வென்ட் பைப், அதன் வாயில் கொசுவலை. வலை இல்லாத வென்ட் பைப்தான் க்யூலெக்ஸ் கொசுவுக்கு வாசல். மண் சரியில்லாததால் தொட்டியிலிருந்து வரும் நீர் ஜல்லி நிரப்பிய ஒரு வடிகட்டி அறையில் கீழிருந்து மேலாக ஏறி, அதன் பிறகே ஆழமில்லாத உறிஞ்சு குழிக்குப் போகிறது. போர்த் தண்ணீர் துணி துவைக்கவும் செடிக்கும் மட்டும் என்று தங்கை தீர்மானமாகச் சொல்லிவிட்டாள்.

சிமெண்ட் பூச்சு இறுகியதும், கழிவறைக் குழாயை இணைக்கும் முன்பு, தொட்டி நிறைய நல்ல தண்ணீர் விடச் சொன்னேன். மேஸ்திரிக்குப் பிடிக்கவில்லை. "லாரித் தண்ணிய வீணாக்கணுமா சார்?" என்றார். வெளியேறும் குழாயை அடைத்து, தண்ணீர் நின்ற மட்டத்தில் சுவரில் செங்கல் துண்டால் ஒரு கோடு போட்டு, மூடியை மூடிவிட்டு வந்தோம்.

மறுநாள் காலை ஆறு மணிக்குத் தங்கையின் போன். "அண்ணா, டார்ச் அடிச்சுப் பார்த்துட்டேன். தண்ணி அப்படியே கோட்டுல நிக்குது."